கேம்பிறிட்ஜ்–பரிஸ் ஆற்றோரப் பாதை: நடப்பதா, மிதிவண்டியில் செல்வதா?

ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் வாழும் நம்மவர்கள் கோடை தொடங்கியதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கிராண்ட் ஆற்றங்கரையில், கேம்பிறிட்ஜிலிருந்து ஒன்ராறியோவின் பரிஸ் நகரம் வரை செல்லும் பழைய ரயில் வழியில் நடந்து போவது நல்லதா, மிதிவண்டியில் போவது நல்லதா என்பதே அது. கேள்வி சிறியதுதான். ஆனால் முழுத் தூரமும் போகவேண்டுமா, பாதியில் திரும்பிவிடலாமா, வயதான பெற்றோரையும் சிறு பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துச் செல்ல முடியுமா, மிதிவண்டிகளைக் காரில் ஏற்றி நூறு கிலோமீற்றருக்கு மேல் கொண்டு போகும் பாடு தகுமா என்று அதற்குள் வேறு பல கேள்விகள் அடங்கியிருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால்தான் முதற் கேள்விக்கு விடை கிடைக்கும்.

## பாதையின் இயல்பு

இந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 18 கிலோமீற்றர். கேம்பிறிட்ஜின் பழைய கோல்ட் பகுதிக்குச் சற்றுத் தெற்கே தொடங்கி, ஆற்றின் கிழக்குக் கரையை ஒட்டியே சென்று, ஏறத்தாழ நடுவழியில் கிளென் மொறிஸ் என்னும் சிற்றூரைத் தொட்டு, பரிஸின் வடக்கு எல்லையில் முடிகிறது. 1916இல் லேக் ஈரி அன்ட் நோர்தர்ன் ரயில் நிறுவனம் கோல்ட்டிலிருந்து ஈரி ஏரிக்கரையிலுள்ள போர்ட் டோவர் வரை மின்சார ரயில் ஓட்டத் தொடங்கியது. 1955இல் பயணிகள் சேவை நின்றது. பின்னர் சரக்கு ரயில்களும் ஓய்ந்து, தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. இன்று அந்த நிலம் கிராண்ட் ஆறு பாதுகாப்பு அதிகாரசபையின் பொறுப்பில் உள்ளது. கனடாவைக் குறுக்கே கடக்கும் டிரான்ஸ் கனடா நடைபாதையின் ஒரு துண்டாகவும் இது அமைந்திருக்கிறது.

ரயில் ஓடிய வழி என்பதை மறந்துவிடக் கூடாது, ஏனெனில் நடப்போருக்கும் மிதிவண்டிக்காரருக்கும் கிடைக்கும் வசதிகள், சலிப்புகள் இரண்டுக்குமே அதுதான் காரணம். செங்குத்தான ஏற்றம் எங்கும் இல்லை. வளைவுகள் நீண்டவை. தரையில் பொடிக்கல் இறுக்கிப் பரப்பியிருக்கிறார்கள். ஆறு தெற்கு நோக்கி ஓடுவதால் பரிஸை நோக்கிப் போகும்போது மெல்லிய இறக்கமும் திரும்பும்போது அதே அளவு ஏற்றமும் உண்டு. அந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் திரும்பும் வழியில் தொடை அதை உணரும்.

இங்கே 'பாதுகாப்பு' என்பது காட்டையும் விலங்குகளையும் காப்பது மட்டுமன்று. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒன்ராறியோவில் உருவான பாதுகாப்பு அதிகாரசபைகளின் முதல் வேலை ஆற்றுப் படுகைகளைப் பேணி வெள்ளத்தைக் கட்டுப்படுத்துவது. 1974 மே 17இல் கோல்ட் நகரின் நடுப்பகுதியில் கிராண்ட் ஆறு புகுந்த வெள்ளம் இன்றும் அங்கே பேசப்படுகிறது. நகருக்குள் ஆற்றின் இருமருங்கும் எழுந்து நிற்கும் வெள்ளத் தடுப்புச் சுவர்கள் அதன் பின் வந்தவை. நகரைத் தாண்டியதும் சுவர்கள் முடிந்து, ஆறு தன் போக்கில் பரவ இடம் விடப்பட்டிருக்கிறது. அந்த இடத்தின் விளிம்பில்தான் நாம் நடக்கிறோம். பனி உருகும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் தாழ்வான பகுதிகள் நனைந்து சேறாவதற்கும் இதுவே காரணம்.

இந்த நிலத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1784ஆம் ஆண்டு பிரித்தானிய ஆளுநர் ஹால்டிமண்ட் வெளியிட்ட பிரகடனத்தின்படி கிராண்ட் ஆற்றின் இருபுறமும் ஆறு மைல் அகலத்துக்கு, 'சிக்ஸ் நேஷன்ஸ்' எனப்படும் ஆறு தேசப் பழங்குடி மக்களுக்கு வழங்கப்பட்ட நிலத்துக்குள்ளேயே இந்தப் பாதை முழுவதும் கிடக்கிறது. அந்த நிலத்தின் மிகப் பெரும்பகுதி பின்னர் அவர்கள் கையை விட்டுப் போயிற்று. அதைக் குறித்த உரிமைக் கோரிக்கைகள் இன்றும் முடியவில்லை. நிலம் இழந்த கதையை அறிந்த சமூகமாகிய நாம் இதைத் தெரிந்துகொண்டே அங்கே கால்வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1994இல் கிராண்ட் ஆறு கனடாவின் மரபுரிமை ஆறுகளில் ஒன்றாக அறிவிக்கப்பட்டதற்கு, இம்மக்களின் வாழ்வோடு அதற்குள்ள பிணைப்பும் ஒரு காரணம்.

## எவற்றை வைத்து முடிவு செய்வது

நடை, மிதிவண்டி இரண்டையும் ஒப்பிட நான் ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். முதலாவது, திரும்பி வருவது. நேர்வழிப் பாதையில் சுற்றி வர வழியில்லை. போன தூரம் முழுவதையும் திரும்ப வரவேண்டும், அல்லது மறுமுனையில் வாகனம் இருக்கவேண்டும். முதன்முறை போகிறவர்கள் மிகவும் குறைத்து எடைபோடுவது இதைத்தான்.

இரண்டாவது, எதைக் காணப் போகிறோம் என்பது. ஆற்றையும் காட்டையும் அருகிலிருந்து பார்ப்பது வேறு, இரண்டு ஊர்களுக்கு இடையே ஒரு பயணம் செய்வது வேறு. மூன்றாவது, உடன் வருவோரின் வயதும் உடல்நிலையும். நான்காவது, வெளிப்படையான செலவும் மறைவான செலவும். ஐந்தாவது, பருவகாலமும் தரையின் நிலையும். இவற்றோடு, நம் வருகையால் அந்தப் பாதுகாப்பு நிலத்துக்கு என்ன நேர்கிறது என்பதையும் சேர்க்கவேண்டும். நடப்பவராலும் மிதிவண்டியில் செல்பவராலும் ஏற்படும் பாதிப்புகள் ஒரே வகையானவை அல்ல.

## முதல் வழி: கேம்பிறிட்ஜ் முனையிலிருந்து குறுநடை

நெடுஞ்சாலை 24ஐ ஒட்டிய தரிப்பிடத்தில் காரை விட்டு, தெற்கு நோக்கி மூன்று அல்லது நான்கு கிலோமீற்றர் நடந்து, அதே வழியில் திரும்புவது இது. மொத்தம் ஆறு முதல் எட்டுக் கிலோமீற்றர். ஆங்காங்கே நின்று பார்ப்பவருக்கு இரண்டரை மணிநேரம் போதும்.

முழுப் பாதையிலும் ஆறும் காடும் மனித வரலாறும் நெருங்கி நிற்பது இந்த வடபகுதியில்தான் என்பதால், பார்ப்பதற்காகவே வருகிறவர்களுக்கு இதையே முதலில் சொல்வேன். சில கிலோமீற்றருக்குள் ஒரு பழைய கம்பளி ஆலையின் இடிபாடு வரும். கூரையில்லாத கற்சுவர்களுக்குள் மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. மிதிவண்டியில் வேகமாகப் போகிறவர்களில் பலர் அதைக் கடந்த பிறகே திரும்பிப் பார்க்கிறார்கள். சுவர்களில் ஏறுவது ஆபத்தானது. கற்கள் பிடிப்பின்றி இருக்கின்றன.

இங்குள்ள காடு கரோலினியக் காடு எனப்படுவது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வளரும் பல மரங்களின் வடக்கு எல்லை தென் ஒன்ராறியோவின் இந்தப் பகுதியில் முடிகிறது. பட்டை உரிந்து வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும் சிக்கமோர், கறுப்பு வால்நட், ஹாக்பெரி ஆகியவற்றை இங்கே பார்க்கலாம். பனியூழிக் காலத்துப் பனிப்பாறைகள் விட்டுச்சென்ற சரளைமேடுகளுக்கு இடையே ஆறு ஓடுகிறது. கோல்ட், பரிஸ் என்ற இந்த ஊர்களின் பெயரையே அந்த மேடுகளுக்கும் புவியியலாளர்கள் வைத்திருக்கிறார்கள். அவற்றுக்குள் இறங்கும் மழைநீர் கரைச்சரிவுகளில் குளிர்ந்த ஊற்றாகக் கசிவதை, நின்று கவனித்தால் காணலாம். சரிவில் ஈரமாய்ப் பளபளக்கும் பாசிப் பட்டையும் அதன் கீழே பாதையோர வாய்க்காலில் தெளிந்து ஓடும் மெல்லிய நீரும் அதற்கு அடையாளம்.

மறைவான செலவு இங்கே மிகக் குறைவு. பாதையில் நுழையக் கட்டணம் இல்லை. வேண்டியவை நல்ல காலணி, தண்ணீர், உண்ணிக்கு எதிரான முன்னெச்சரிக்கை ஆகியவைதான். ஒரு குறை உண்டு. குறுநடையாகப் போகிறவர்கள் வார இறுதி நண்பகலில்தான் பெரும்பாலும் வருகிறார்கள். அந்நேரத்தில் இந்த முனையில் கூட்டம் அதிகம், மிதிவண்டிகளும் அதிகம். காலை எட்டு மணிக்கு முன் தொடங்கினால் அதே பாதை முற்றிலும் வேறாக இருக்கும்.

ஸ்காபரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் ஒன்றரை மணிநேரம் கார் ஓட்டி வந்து இரண்டரை மணிநேரம் மட்டும் நடப்பது கட்டுபடியாகுமா என்று சிலர் தயங்குவார்கள். பெற்றோர் எழுபது வயதைக் கடந்தவர்கள் என்றால், அல்லது பிள்ளைகள் ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள் என்றால், தயங்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் களைப்பு வந்தாலும் அங்கேயே திரும்பிவிடலாம் என்ற நிம்மதி மற்ற எந்த வழியிலும் இல்லை.

## இரண்டாம் வழி: முழுத் தூரமும் நடப்பது

18 கிலோமீற்றரையும் ஒரே நாளில் ஒருவழியாக நடப்பது சராசரி உடல்நலம் உள்ளவரால் முடியக்கூடியதே. மணிக்கு நான்கு முதல் ஐந்து கிலோமீற்றர் என்று கணக்கிட்டு, உணவுக்கும் ஓய்வுக்கும் இடம்விட்டால் ஆறு மணிநேரம் வேண்டும். கோயிலுக்குப் பாதயாத்திரை போன அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தத் தூரம் பெரிதாகத் தெரியாது.

ஆனாலும் இதை நான் பலருக்குப் பரிந்துரைப்பதில்லை. மலைப்பாதையில் ஏறி இறங்கும்போது உடலின் வெவ்வேறு தசைகள் மாறிமாறி வேலை செய்கின்றன. சமதளமான இறுகிய தரையில் ஒவ்வோர் அடியும் முந்தைய அடி போலவே விழுவதால், உள்ளங்காலும் இடுப்பும் எதிர்பாராத விதத்தில் வலிக்கத் தொடங்குகின்றன. பத்தாவது கிலோமீற்றருக்குப் பின் பலர் ஆற்றைப் பார்ப்பதை விட்டு, எவ்வளவு மிச்சம் என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். அதன்பின் பாதுகாப்பு நிலத்துக்கு வந்ததன் பயனே குறைந்துபோகிறது.

திரும்புவதற்கு இரண்டு கார்கள் வேண்டும். காலையில் இரண்டையும் பரிஸுக்கு ஓட்டிச் சென்று, ஒன்றை அங்கே விட்டு, மற்றதில் எல்லோரும் கேம்பிறிட்ஜுக்கு வந்து நடையைத் தொடங்கவேண்டும். மாலையில் பரிஸில் நிற்கும் காரில் திரும்பிவந்து முதல் காரை எடுக்கவேண்டும். ஊர்களுக்கு இடையே சாலைவழியாக இருபது, இருபத்தைந்து நிமிடம்தான் என்றாலும், ஏற்றி இறக்குவதும் காத்திருப்பதும் சேர்ந்து நாளில் ஒன்றரை மணிநேரத்தை விழுங்கிவிடும். ஐந்து பேருக்கு மேல் போனால் ஒரே காரில் எல்லோரும் திரும்ப முடியாது என்பதையும் முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள்.

வழியில் கடை இல்லை. குடிநீர்க் குழாய் எதுவும் கிடையாது என்று வைத்துக்கொண்டே புறப்படவேண்டும். கோடையில் ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் சுமக்கவேண்டும். அதன் எடையைத் தோள் முதல் ஐந்து கிலோமீற்றருக்குச் சுமந்தே தீரவேண்டும்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும் என்றால், நீண்ட நடையையே விரும்பிப் பழகியவர்களுக்கும், தர்ம நிதிக்காகவோ பயிற்சிக்காகவோ குழுவாக நடப்பவர்களுக்கும்தான். அவர்களுக்கு ஒக்டோபர் மாதத்தின் முதல் இரண்டு வாரங்கள் மிக ஏற்றவை. வெப்பம் தணிந்திருக்கும், கொசு குறைந்திருக்கும், மேப்பிள் இலைகள் நிறம் மாறியிருக்கும்.

## மூன்றாம் வழி: மிதிவண்டியில் பரிஸ் வரை சென்று திரும்புவது

போய்வர 36 கிலோமீற்றர். பொடிக்கல்லில் மணிக்கு 12 முதல் 15 கிலோமீற்றர் வேகத்தில் நிதானமாக ஓட்டினால் சுமார் மூன்று மணிநேரம். பரிஸில் சாப்பிட்டு ஊரைச் சுற்றிப் பார்க்கும் நேரத்தையும் சேர்த்தால் ஐந்து மணிநேரம். திரும்புவதைப் பற்றிய சிக்கல் இதில் முழுவதுமாகத் தீர்ந்துவிடுகிறது. ஒரே கார் போதும். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறீர்கள்.

இந்தப் பாதை மிதிவண்டிக்கென்றே அமைந்தது போன்றது. கார்கள் வருவதில்லை. ஒருசில இடங்களில் மட்டும் சாலையைக் கடக்கவேண்டும். ரயில் கடந்த சீரான சாய்வு என்பதால் கியர் மாற்றும் தேவையே அரிது. ஆறு சில இடங்களில் பக்கத்திலேயே ஓடும், சில இடங்களில் பாதை உயர்ந்து, மரங்களின் இடைவெளியில் நீர் கீழே தெரியும். கிளென் மொறிஸைத் தாண்டிய பின் நடந்துசெல்பவருக்குச் சற்றுச் சலிப்புத் தட்டும் நீண்ட காட்டுப் பகுதி, மிதிவண்டியில் போகிறவருக்கு வெயிலில்லாத இனிய ஓட்டமாகிவிடுகிறது.

பரிஸ் போய்ச்சேர்வதற்கும் தனி மதிப்புண்டு. அருகில் கிடைத்த ஜிப்சத்தால், அதாவது 'பாரிஸ் சாந்து' செய்யப் பயன்படும் கல்லால், அந்த ஊருக்கு அப்பெயர் வந்தது. உருண்டைக் கற்களை வரிசையாகப் பதித்துக் கட்டிய பழைய வீடுகளும் தேவாலயமும் இன்றும் நிற்கின்றன. 1876 ஆகஸ்ட் 10இல் அருகிலுள்ள பிரான்ட்போர்ட் நகரிலிருந்து கம்பிவழி வந்த குரலை அலெக்சாண்டர் கிரகம் பெல் இந்த ஊரில் காதில் கேட்டார். தொலைபேசியின் முதல் நெடுந்தூர அழைப்பாக அது குறிப்பிடப்படுகிறது. உடலில் வலு மிச்சமிருப்பவர்கள் பரிஸிலிருந்து பிரான்ட்போர்ட் வரை மற்றொரு பாதையிலும், அங்கிருந்து ஹமில்ற்றன் வரை 32 கிலோமீற்றர் ரயில் வழியிலும் தொடரலாம். ஆனால் அது வேறொரு நாளுக்குரிய திட்டம்.

மறைவான செலவுகள் இந்த வழியில்தான் மிகுதி. மிதிவண்டிகளை ஏற்றும் தாங்கியைக் காருக்குப் பின்புறம் பொருத்தச் சில நூறு டொலர்கள் ஆகும். நான்கு மிதிவண்டிகளை ஏற்றும் வலுவான தாங்கிக்கு அதைவிட மேலும் ஆகலாம். ஏற்றியபின் காரின் இலக்கத்தகடு மறைந்துவிடுகிறதா என்று பாருங்கள். ஒன்ராறியோவில் இலக்கத்தகடு தெளிவாகத் தெரியவேண்டும் என்பது சட்டம், மறைந்தால் அபராதம் விதிக்கப்படலாம். வாடகைக்கு எடுப்பதானால் ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் வாடகையே ஒரு நல்ல விருந்தின் செலவுக்கு வந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு வாடகையே மலிவு. மூன்று, நான்கு முறை போகிறவர்களுக்குச் சொந்தமாக வாங்கிவிடுவது நல்லது.

ரயரைப் பற்றியும் சொல்லவேண்டும். பந்தய வகை மிதிவண்டிகளின் மெல்லிய ரயர்கள், 23 அல்லது 25 மில்லிமீற்றர் அகலமுள்ளவை, உலர்ந்த நாளில் தாக்குப்பிடிக்கும். மழைக்கு மறுநாள் பொடிக்கல் இளகியிருக்கும்போது அவை அழுந்தி ஓடும். 35 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட அகலமே இங்கே பொருந்தும். செப்ரெம்பர் முடிவிலிருந்து கறுப்பு வால்நட் காய்கள் பாதையில் விழுந்து கிடக்கும். எலுமிச்சம்பழ அளவுள்ள அந்தப் பச்சைக் காய் முன்சக்கரத்தின் அடியில் உருண்டால் கைப்பிடி சட்டெனத் திரும்பிவிடும். இலைகள் மூடிய பாதையில் அது கண்ணுக்கும் தெரியாது. மாற்று ரியூப், பம்ப், ரயர் கழற்றும் நெம்புகோல் மூன்றும் இல்லாமல் நடுவழிக்குப் போனால், ஒரு பஞ்சர் உங்களை ஒன்பது கிலோமீற்றர் தள்ளிக்கொண்டு நடக்க வைக்கும்.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் சாலையில் மிதிவண்டி ஓட்டும்போது தலைக்கவசம் அணிவது ஒன்ராறியோவில் கட்டாயம். பெரியவர்களும் அணிவதே அறிவுடைமை. மணியும் இருக்கவேண்டும். பின்னால் வரும் மிதிவண்டியின் சத்தம் பொடிக்கல்லில் முன்னே நடப்பவருக்குக் கேட்காது, குறிப்பாக ஆறு இரைந்தோடும் வசந்த காலத்தில். முப்பது மீற்றருக்கு முன்பே மணியடித்து, வேகத்தைக் குறைத்து, இடப்பக்கமாகக் கடந்து செல்வதே முறை. நடப்பவருக்கு வழிவிடவேண்டியவர் மிதிவண்டிக்காரர்தான்.

## நான்காம் வழி: கிளென் மொறிஸை நடுவமாக வைப்பது

அதிகம் பேசப்படாத வழி இது. பல குடும்பங்களுக்கு மிகப் பொருத்தமானதும் இதுவே. கிளென் மொறிஸிலும் தரிப்பிடம் உள்ளது. அங்கே காரை நிறுத்திக்கொண்டு, மிதிவண்டி ஓட்டுகிறவர்கள் பரிஸை நோக்கிப் போய்வர, நடப்பவர்கள் வடக்கே கேம்பிறிட்ஜ் திசையில் இரண்டு, மூன்று கிலோமீற்றர் போய்த் திரும்பலாம். இரண்டு தரப்பும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதால் ஒரே வாகனம் போதும், யாரும் யாருக்காகவும் வேகத்தைக் குறைக்கவோ கூட்டவோ வேண்டியதில்லை. பதினாறு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரே நாளில் மனநிறைவோடு திரும்பக்கூடிய ஏற்பாடு வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் முதன்முறையாக நீண்ட தூரம் ஓட்டுவதற்கும் இதுவே நல்ல தொடக்கம். பரிஸ் வரை போய்வருவது 18 முதல் 20 கிலோமீற்றருக்குள் அடங்கும். களைத்துப்போனால் இடையில் திரும்பிவிடலாம்.

குறை என்னவென்றால், ஆலை இடிபாட்டையும் வடமுனையின் ஆற்றுக் காட்சிகளையும் இந்த முறையில் பார்க்க முடியாது. தரிப்பிடமும் சிறியது. நீளவார இறுதிகளில் காலை பத்து மணிக்குள் நிறைந்துவிடக்கூடும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | குறுநடை | முழுநடை | மிதிவண்டி | கிளென் மொறிஸ் நடுவம் |
|---|---|---|---|---|
| தூரம் | 6–8 கி.மீ. | 18 கி.மீ. | 36 கி.மீ. | நடை 4–6, மிதிவண்டி 18–20 கி.மீ. |
| நேரம் | 2½ மணி | 6 மணி, கார் மாற்ற 1½ மணி | ஓட்டம் 3 மணி, பரிஸுடன் 5 மணி | 3 மணி |
| கார் | ஒன்று | இரண்டு | ஒன்று, தாங்கியுடன் | ஒன்று, தாங்கியுடன் |
| மறைவான செலவு | மிகக் குறைவு | கார் மாற்றும் நேரம், கால்வலி | தாங்கி அல்லது வாடகை, பஞ்சர் | தாங்கி, நிறைந்த தரிப்பிடம் |
| காட்டை அருகில் காணுதல் | மிக நன்று | தொடக்கத்தில் நன்று | குறைவு | நடப்போருக்கு நன்று |
| பொருந்துவோர் | முதியோர், சிறுவர், பறவை ஆர்வலர் | பழகிய நடையாளர் | இளையோர், உடல்வலு உள்ளோர் | மூன்று தலைமுறைக் குடும்பம் |

## பாதுகாப்பு நிலத்தில் நம் தடம்

அட்டவணையில் அடங்காத ஒன்றைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். ஜூன் மாதத்தில் கடிக்கும் ஆமைகள் எனப்படும் பெரிய ஆமைகள் ஆற்றிலிருந்து ஏறிவந்து, வெயில் படும் சரளைத் தரையில் குழிதோண்டி முட்டையிடுகின்றன. ரயில் வழியின் ஓரம் அவற்றுக்கு மிகவும் வசதியான இடம். பாதையோரத்தில் புதிதாகக் கிளறிய மண்ணும், இருபுறமும் நகங்கள் இழுத்த கோடுகளும் தெரிந்தால் அது ஒரு கூடு. பக்கத்தில் சுருண்ட வெள்ளைத் தோல்போன்ற ஓடுகள் சிதறிக் கிடந்தால், ரக்கூன் முந்திக்கொண்டுவிட்டது என்று பொருள். நடந்து போகிறவர் இதைக் கண்டு விலகிச் செல்வார். மிதிவண்டியில் இருவர் அருகருகே பேசிக்கொண்டு போகும்போது ஓரச் சக்கரம் அதன் மேல் ஏறிவிடுகிறது. எனவே மே இறுதியிலிருந்து ஜூலை தொடக்கம் வரை ஒற்றை வரிசையில், பாதையின் நடுப்பகுதியை ஒட்டி ஓட்டுங்கள். ஆமை பாதையைக் கடப்பதைக் கண்டால் அது போகும் திசையிலேயே போகவிடவேண்டும். ஆற்றுக்குத் திருப்பிவிடுவது உதவி ஆகாது, அது மீண்டும் ஏறிவரும்.

நடப்பவர்கள் செய்யும் கேடு வேறு வகையானது. படம் எடுப்பதற்காகவும் ஆற்றைத் தொடுவதற்காகவும் பாதையை விட்டுச் சரிவில் இறங்குவது. ஒருவர் இறங்கிய தடத்தில் நூறு பேர் இறங்கி, ஊற்றுநீர் கசியும் கரை மண் சரிந்துவிடுகிறது. மே மாதத்தில் பூக்கும் வெண்ணிற டிரில்லியம் ஒன்ராறியோவின் மாகாண மலர். அதைப் பறித்தால் அந்தச் செடி தேறப் பல ஆண்டுகள் ஆகும்.

பாதையைவிட்டு விலகாமலிருப்பதில் நமக்கும் நன்மையுண்டு. மூன்று மூன்று இலைகளாக வளரும் பொய்சன் ஐவி இரு ஓரங்களிலும் உண்டு. அதன் எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளங்கள் எழுந்து வாரக்கணக்கில் அரிக்கும். மிதிவண்டியை ஓரப் புதருக்குள் சாய்த்து வைப்பவர்களுக்கு அது கைப்பிடியில் ஒட்டி, வீட்டுக்கு வந்தபின் கையில் ஏறும். நாயின் உரோமத்திலும் அப்படியே ஒட்டிவரும். சாய்ந்து நிற்க ஒரு தாங்குகோல் பொருத்துவது மலிவான தீர்வு. கறுப்புக்கால் உண்ணி லைம் நோயைப் பரப்பக்கூடியது என்பதால், நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி நடப்பதும், வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஆகியவற்றைச் சோதிப்பதும் நல்லது. ஒட்டியிருந்த உண்ணியை 24 மணிநேரத்துக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு.

## எந்தப் பருவத்தில் எது

ஏப்ரலில் பாதை இளகியிருக்கும், ஆகவே மிதிவண்டி வேண்டாம். சக்கரங்கள் போட்ட பள்ளம் காய்ந்து இறுகிக் கோடை முழுவதும் மற்றவர்களைத் தடுமாற வைக்கும். மே மாதம் குறுநடைக்கே உரியது. மரங்கள் முழுதாக இலைவிடாததால் ஆறும் பறவைகளும் தடையின்றித் தெரியும். பெரிய நீலக் கொக்கு ஆழமற்ற நீரில் அசையாமல் நிற்பதையும், விராலடிப்பான் மேலிருந்து பாய்ந்து மீனோடு எழுவதையும் பார்க்கப் பொறுமையுள்ளவர்களுக்கு இந்த மாதத்தைப் போல் வேறில்லை. ஜூலை, ஆகஸ்டில் புழுக்கம் மிகும். அப்போது நடப்பவரைவிட, ஓட்டத்தில் காற்று வாங்கும் மிதிவண்டிக்காரருக்கே வசதி. நடந்தே தீரவேண்டும் என்பவர்கள் காலையில் தொடங்கி பதினொரு மணிக்குள் முடிக்கவேண்டும்.

குளிர்காலத்தில் பாதையில் பனி அகற்றப்படுவதில்லை. மிதிவண்டிகளை வீட்டில் விட்டுவிடுங்கள். ஆனால் ஆறு உறையாமல் ஓடும் இடங்களில் மீன் தேடி வெண்தலைக் கழுகுகள் வந்து இறங்குவதும் அப்போதுதான். ஜனவரியில் நல்ல காலணியும் தொலைநோக்கியுமாக ஓரிரு கிலோமீற்றர் மட்டும் நடக்க வருகிறவர்களுக்கு, கோடையில் ஒருபோதும் கிடைக்காத காட்சி கிடைக்கலாம்.

## என் தீர்ப்பு

முதன்முறை போகிறவர் எவராக இருந்தாலும், மிதிவண்டி ஓட்டுவதில் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், கேம்பிறிட்ஜ் முனையில் குறுநடையாகவே தொடங்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 36 கிலோமீற்றரையும் ஓட்டி முடித்தோம் என்ற நிறைவு உண்மையானதுதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கக் காரணமான ஊற்று, மரம், பறவை, ஆமை எல்லாம் நடைவேகத்துக்கு மட்டுமே தெரிகின்றன. ஒருமுறை நடந்து பார்த்தவர் அடுத்தமுறை மிதிவண்டியில் வரும்போது எங்கே வேகத்தைக் குறைக்கவேண்டும் என்று அறிந்தே வருவார்.

இரண்டாம் முறை, உடன் வருபவர்கள் எல்லோரும் இரண்டு மணிநேரம் தொடர்ந்து ஓட்டக்கூடியவர்கள் என்றால் பரிஸ் வரை மிதிவண்டியில் போகலாம். அவர்களில் ஒருவருக்கு மட்டும் அது முடியாது என்றாலும் கிளென் மொறிஸைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஒருவரை வீட்டில் விட்டுவிட்டுப் போவதைவிடவும், அவரையும் இழுத்துக்கொண்டு போய் வழியில் தவிப்பதைவிடவும் அது எவ்வளவோ மேல். முழுநடையை, அதற்கு முன் பத்து கிலோமீற்றரை ஒருமுறையாவது சமதளத்தில் நடந்து பழகிய பின்னரே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும் ஒக்டோபரில் போகிறவர்கள் நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். மாத நடுவில் மாலை ஆறரை மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும், மரங்களுக்கு அடியில் அதற்கு அரைமணி முன்பே இருட்டிவிடும். பரிஸில் சாப்பிட்டுவிட்டு மிதிவண்டியில் திரும்ப எண்ணுகிறவர்கள் மூன்றரை மணிக்கு முன் அங்கிருந்து புறப்பட்டுவிட வேண்டும். முன்னும் பின்னும் விளக்குகளும் பொருத்தியிருக்க வேண்டும்.